சிவப்பு ரிப்பன் கட்டிய கீசர்

தருமபுரி நகரம் நாகரிகம் அடைந்தது 1986 டிசம்பரில், ஒரு புதன்கிழமை, பிற்பகல் ஒன்றரை மணிக்கு மேல். அன்றுதான் என் வீட்டுக் குளியலறையில் கீசர் மாட்டப்பட்டது. நாங்கள் கிறிஸ்தவர்கள். ஆனால் மேஸ்திரிக்கு ராகுகாலம் உண்டு என்பதால் காத்திருந்தோம். முன்னேற்றத்துக்குப் பொறுமை அவசியம்.

'புகை ஒழிப்பு நடவடிக்கை'யின் முதல் கட்டமாக, செம்பு அண்டா பதித்த வெந்நீர் அடுப்பை இடித்துத் தள்ளினேன். இடித்தது மேஸ்திரி; உத்தரவு என்னுடையது. என் மனைவி ரோசம்மாள் மட்டும் வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை போட்டாள்.

"பொண்ணு புள்ள பெத்துக்கிட்டு வர்ற நேரத்துல அடுப்ப இடிக்கிறீங்களே, இது அடுக்குமாங்க?"

"அவளுக்காகத்தான் இந்தக் கீசரே. கொழாயத் திருகுனா வெந்நி கொட்டும், பாரு."

எங்கள் ஒரே மகள் லூர்து, எட்டு நாள் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். நல்ல மார்கழிக் குளிர். குளிக்கப் போனவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அப்பா, கொழாயில ரிப்பன் கட்டியிருக்கு."

"ஆமாம்மா. இன்னும் தொறப்பு விழா ஆவல."

இதை விளக்க வேண்டியது என் கடமை. நான் தலைமை எழுத்தர். எங்கள் அலுவலகத்தில் தண்ணீர்ப் பானையைக்கூட மேலதிகாரி திறந்து வைத்த பிறகுதான் தொட்டோம். அதுவரை பதினோரு நாள், சித்திரை வெயிலில், டீக்கடையில் போய்த் தண்ணீர் குடித்தோம். அலுவலகத்துக்கு ஒரு நீதி, வீட்டுக்கு ஒரு நீதி என்று என்னால் வாழ முடியாது.

கீசரைத் திறந்து வைக்க எங்கள் மேலதிகாரி வியாழக்கிழமை வருவதாக இருந்தது. 'அவசர ஆய்வுக் கூட்டம்' வந்துவிட்டது. திங்கட்கிழமை என்றார். 'தலைமையகத்தின் அழைப்பு' வந்துவிட்டது. விழாவுக்காக வெள்ளையடித்த சுவர் கறுக்கும் என்பதால் வீட்டில் விறகு எரிக்கத் தடை விதித்திருந்தேன். இருந்த ஒற்றை மண்ணெண்ணெய் ஸ்டவ் சோறாக்கவே திணறியது.

பக்கத்து வீட்டு ஜான் பீ தினமும் நொச்சி இலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரைக் குடத்தில் சுமந்து வந்து ஊற்றினாள். நான் ஆட்சேபிக்கவில்லை. வழியில் சிந்தாமல் வரும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன்.

"அண்ணா, பச்ச ஒடம்புக்காரி அவ. அந்தக் கயித்த அவுத்து உட்டா என்னாங்கண்ணா?"

"கயிறு இல்லம்மா, ரிப்பன்."

ஒருநாள் ஜான் பீ இண்டூருக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டாள். லூர்து பச்சைத் தண்ணீரில் குளித்தாள். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல், குழந்தைக்கு மூச்சு விட முடியாத அளவுக்குச் சளி. டாக்டர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பேரன் இருமுவது ராத்திரி முழுவதும் கேட்டது. நானும் மனிதன்தானே. உடனே உட்கார்ந்து அதிகாரிக்கு 'நினைவூட்டல்-2' எழுதினேன்.

கீசர் மாட்டிய பதினாறாம் நாள் அதிகாரி எழுந்தருளினார். ரிப்பனை வெட்டினார். 'சோதனை அடிப்படையில்' முக்கால் மணி நேரம் குளித்தார். தலையைத் துவட்டிக்கொண்டே ஆற்றிய உரையில், "வீட்டுப் பெண்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம்" என்றார். கைதட்டல் அடங்கியதும், நன்றியுரை கூற லூர்துவை அழைத்தேன்.

வந்தாள். தோளில் கம்பளி சுற்றிய குழந்தை. பின்னால் ரோசம்மாள், மகளின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு. வாசலில் ஆட்டோ நின்றது.

"எங்கம்மா கெளம்பிட்ட? மூணு மாசம் இங்க இருக்கணுமில்ல?"

"மாரண்டஹள்ளிக்குப்பா, மாமியா வூட்டுக்கு" என்றாள் லூர்து. "அங்க எனக்கு வெந்நி வெக்க யாரும் வந்து தொறந்து வெக்க வேணாம்."