ஏழு கிலோவுக்கு மேல் இரண்டு

வாழ்க, கிள்ளான் துறைமுகத்து மூட்டைகளைக் குன்றென அடுக்கிக் குரங்குப் பிடியாய்க் கயிறிறுக்கும் கரத்தோனே! லோரிப் பாரம் ஏற்றி ஏற்றி முதுகு வளைந்தும், வளைந்ததை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாத வாயோனே! இராஜம்மாள் கொழுநனே, ரெங்கசாமி என்னும் ஏந்தலே, உன் புகழ் பாடப் புகுந்தோம். பொரிப்பனவும் வறுப்பனவும் காத்தருளும் எண்ணெய்ச்சட்டித் தாயே, எம் சொற்கள் நமத்துப் போகாமல் நீயே காப்பு!

மகள் உஷாராணி மலிவு விமானச் சீட்டு இரண்டெடுத்து, பனி கொட்டும் ஜப்பான் தேசத்துக்குத் தாய் தந்தையரை அனுப்பத் துணிந்தாள். அந்நாட்டில் ஒரு கிண்ணச் சோறு விற்கும் விலையை அவள் சொல்லக் கேட்ட மாத்திரத்தில், இடியோசை கேட்ட நாகம்போல் துணுக்குற்ற நம் நாயகன், கூடத்து மின்விசிறி அதிரும்படி எழுந்து நின்று சூளுரைத்தான்:

"ஐந்து நாளும் அந்நிய மண்ணில் ஒரு பருக்கையும் காசு கொடுத்து உண்ணேன்! உன்னையும் உண்ண விடேன்!"

"அப்படின்னா அரிசி ஆலையையே தூக்கிட்டு வாங்க," என்றாள் இராஜம்மாள், துணி மடித்துக்கொண்டே.

மறுநாளே பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவின்மேல் படையெடுத்து, முள்முறுக்குச் சேனையும், ஓமப்பொடிக் காலாட்படையும், கச்சான் பூத்தே என்னும் கடலைப் பீரங்கிகளும், சுடுநீர் ஊற்றினால் போதும் என்று மார்தட்டும் மீ நூடுல்ஸ் பாக்கெட் வீரர்களும், உறைக்குள் உறங்கும் நெத்திலிச் சம்பலும் சூழத் திரும்பினான். "கையில எடுத்துட்டுப் போக ஏழு கிலோதான்பா, மேல போனா காசு கேப்பாங்க" என்று மகள் எச்சரித்திருந்தாள். ஒரு லோரி என்றால் ஒரு பெர்மிட், அதற்கு ஒரே பாரக்கணக்கு என்று வாழ்ந்த மாவீரன், ஒரு குடும்பத்துக்கும் அவ்வாறே ஒரு பை, ஓர் எடை என்று கணித்தான். இருவர் துணிமணியோடு எல்லாவற்றையும் ஒற்றைப் பைக்குள் திணித்து, முழங்காலால் அழுத்தி, ஜிப்பை இழுத்து, ஒரு கையால் தூக்கிப் பார்த்து, "ஏழுதான். என் கைக்குத் தெரியாதா?" என்று முழங்கினான். இராஜம்மாளிடம் கைப்பை ஒன்றே இருந்தது. அதில் தைலமும் டிசுவும்.

விமான நிலையத்து மண்டபத்தில், வருவோர் போவோர் தாமே எடை பார்க்க வைத்திருந்த தராசின்மீது பையை ஏற்றினான். ஒன்பது என்றது அது.

காசு கட்டினாலோ அது கிண்ணச் சோற்றின் விலையையும் விழுங்கும். குப்பையில் எறிந்தாலோ கை கூசும். மூன்றாவது வழி ஒன்றே எஞ்ச, கோட்டை வாயில் திறந்து யானைப்படை பாய்வதுபோல் பையின் வாயைப் பிளந்து, தரையில் சம்மணமிட்டு, "உண்போம்! உண்டே வெல்வோம்!" என்று பறைசாற்றினான் ரெங்கசாமி. முள்முறுக்கு நொறுங்கிய ஓசை வாளோடு வாள் மோதியது போலிருந்தது. ஓமப்பொடி அம்புமாரியாய்ச் சட்டையில் பொழிந்தது. வெந்நீர் காணாத மீ கட்டிகளை அவன் கையால் நொறுக்கிப் பச்சையாகவே கடிக்க, கடைவாய்ப் பல் ஒன்று களத்தில் ஆடிற்று.

"எல்லாரும் பாக்குறாங்க," என்றாள் இராஜம்மாள், வாய் நிறையக் கடலையோடு.

"பாக்கட்டும். நீ மெல்லு."

அரைக் கிலோவில் இருவர் தாடையும் தளர, அருகே மேடான் விமானத்துக்குக் காத்திருந்த கிஷன் என்னும் இளைஞனை நேசநாட்டுப் படையாய் அழைத்தான். அவனோ தன் தோழர் நால்வரையும் கூட்டிவந்தான்.

"அங்கிள், காரம் பெஸ்ட் லா! இன்னொரு பாக்கெட் உடைக்கலாமா?"

"உடை தம்பி, உடை! எடை குறையணும்!"

எதிரிப்படை சிதறுவதுபோல் எண்கள் சரிந்தன. எட்டரை, எட்டு, ஏழரை. கடைசியாய் உடைத்த உறையைக் கிஷன் கவிழ்த்துத் தட்டியபோது தராசு ஏழில் நின்று பணிந்தது. வியர்வையும் மிளகாய்த்தூளும் விரவிய திருமுகத்தோடு, பகைவர் கொடியைப் பறித்து மீளும் வேந்தன்போல் நடந்து, பயணப் பதிவு முகப்பில் பணியிலிருந்த வனேசா என்னும் நங்கையின்முன் பையை வைத்தான்.

"ஓகே அங்கிள், கரெக்டா ஏழு. ஆன்டியோட பேக் எங்கே?"

"அவளுக்கு ஏதும்மா பேக்? மொத்தத்துக்கே ஏழுதானே?"

"ஐயோ அங்கிள், ஆளுக்கு ஏழு கிலோ லா! உங்களுக்கு ஏழு, ஆன்டிக்கு ஏழு."

பேரிகைகள் ஓய்ந்தன. வெற்றிக்கொடி பாதிக் கம்பத்தில் நின்றது. தூரத்தில் கிஷனின் படை வாயைத் துடைத்துக்கொண்டு கையசைத்துப் போனது. இராஜம்மாள் தன் கொழுநனை நோக்கி, "நான் என்ன உங்க லோரியில ஏத்துன மூட்டையா?" என்று மட்டும் கேட்டாள். மலை அசைந்தாலும் அசையாத மாவீரன், சட்டையில் ஒட்டியிருந்த ஓமப்பொடியைப் பொறுக்கி, அதையும் வாயில் போட்டுக்கொண்டான்.

பையில் மிஞ்சிய உறைகளும் தீர்ந்துபோக, ஜப்பானில் மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு பேரும் கடையில் சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள்.