ஒரே சாக்கில் வந்த யெப்பே சித்தப்பா

அன்புத் தங்கை மாரெனுக்கு, அண்ணன் லவுரிட்ஸ் சொல்லத் தபால்காரர் ஐனார் எழுதுவது. முழங்காலைத் தவிர எனக்கு எல்லாம் சுகம். உன் வீட்டில் முழங்காலும் சுகமாக இருக்கட்டும்.

1911 பிப்ரவரியில் நம் யெப்பே சித்தப்பா காணாமல் போனார். அதே வாரம் மாவு மில்காரர் பெண்டாட்டி சிஸெலையும் காணோம். சேர்ந்து அமெரிக்காவுக்கு ஓடினார்கள் என்று ஊர் அறுபத்துமூன்று வருஷமாகச் சிரிக்கிறது. தனியாக மீன் பிடிக்கப் போனவர் உறைந்த ஏரியில் பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்தார் என்று அப்பா சாகும்வரை சொன்னார். போன மாதம் ஏரிக்கரையில் கால்வாய் வெட்டிய தாகே எலும்புகளைக் கண்டு, எல்லாவற்றையும் ஒரே உருளைக்கிழங்குச் சாக்கில் அள்ளிப் போலீசிடம் கொடுத்தான். ஓர்ஹூஸ் நகரத்தில் எலும்பு ஆராயும் போடில் என்ற டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு "பெண்" என்று எழுதிவிட்டாள். விடுவேனா? பஸ் ஏறினேன். நாற்பது வருஷம் கல்லறைக் குழி வெட்டினவன் நான். பழைய குழியில்தானே புது ஆளை வைக்கிறோம், எத்தனை மண்டை என் கையில் ஏறி இறங்கியிருக்கும்!

"புருவ மேட்டைப் பாரும்மா, தாடையைப் பாரு. இது ஆம்பளை மண்டை."

"மண்டை சில நேரம் ஏமாத்தும் தாத்தா. இடுப்பெலும்பைத்தான் நம்பணும். இந்தப் பள்ளத்துல கட்டைவிரலை வைங்க. தாராளமா ஆடுதா? பொம்பளை இடுப்பு."

ஆடத்தான் செய்தது. "எங்க சித்தப்பா குதிரை மேலயே உக்காந்து அகலமானவரு."

"குதிரை அப்படி அகலமாக்காது."

"நீ எத்தனை குதிரை ஓட்டியிருக்க?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்புறம் என்ன?"

மூன்று தடவை போனேன். "ஆண்" என்று எழுதாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் காப்பி கொடுத்து, "நானே வந்து கால்வாயைத் தோண்டிப் பாக்கறேன், வீட்டுக்குப் போங்க" என்றாள். தோண்டட்டும். தனியாகப் போனவர் தனியாகக் கிடந்தார் என்று கல்லில் பொறிக்கப் பாதிரியாரிடம் சொல்லிவிட்டேன். அப்பா சொன்ன சொல் நிலைக்கும், ஊர் வாய் அடையும்.

கர்த்தர் உன் கூரையையும் கோழிகளையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
லவுரிட்ஸ் (கைநாட்டு)

பி.கு.: உறையை ஒட்டுமுன் டாக்டரம்மா தோண்டி முடித்துவிட்டாள். இன்னொரு மண்டையும் இன்னொரு இடுப்பும் கிடைத்தன, கூடவே ஒரு பயணப்பெட்டியின் பித்தளைப் பூட்டும். நான் பார்த்த மண்டை ஆண்தானாம், அவள் பார்த்த இடுப்பு பெண்தானாம். "நாம ரெண்டு பேருமே சரி தாத்தா" என்கிறாள். கல்லில் இப்போது எதுவும் பொறிக்க வேண்டாம் என்று பாதிரியாரிடம் சொல்லிவிட்டேன். ஆனாலும் அவர்கள் அமெரிக்கா போய்ச் சேரவில்லை என்பதை ஊர் ஒப்புக்கொள்ளும்வரை நான் விடப்போவதில்லை.