கருப்பசாமி கோயிலில் நான் விறைத்து நின்ற கதை

படித்தவன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய இடங்கள் உலகத்தில் நிறைய உண்டு. பள்ளிவாசல் என்ற மலையூரில் எங்கள் தேயிலை எஸ்டேட்டின் கருப்பசாமி கோயில் அதில் முதலிடம் என்பது எனக்கு இருபத்தாறு வயதில்தான் தெரிந்தது.

போடிமெட்டுச் செல்வியை எனக்குப் பேசியிருந்தார்கள். இரண்டே முறை பார்த்திருந்தேன். மூன்றாவது முறைக்காகத் தூக்கம் கெட்டுக் கிடந்தேன். அவள் அப்பா ஒரே நிபந்தனை போட்டார்: "கருப்பன் உத்தரவு குடுத்தா வெத்தல பாக்கு மாத்திக்கிடுவோம். இல்லேன்னா வேண்டாம்." உத்தரவு என்றால், ஆட்டின் மேல் மஞ்சள்தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமிக்குச் சம்மதம்.

பூசாரி மூன்று செம்பு ஊற்றினார். ஆட்டின் காதுகூட ஆடவில்லை. (தை மாசக் குளிரில் எனக்குப் பல்லே ஆடியது.) செல்வியின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். கிளம்பப்போகிறார்.

எனக்குள் இருந்த எம்.எஸ்சி. விலங்கியல் பதறி எழுந்தது. "மாமா, அது மறுக்கல. பயத்துல விறைச்சு நிக்கி," என்றேன். அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா? மூளையில் அமிக்டலா என்றொரு பகுதி, ஆபத்தைக் கண்டதும் நடுமூளைக்குத் தகவல் அனுப்பும். அங்கே விறைப்பை அடக்கி வைத்திருக்கும் காபா என்ற ரசாயனத்தின் பிடி தளரும். உடனே கால் விறைத்துப்போகும், இதயம் மெதுவாக அடிக்கும், அசைவைத் தேடி வந்த புலி ஏமாந்துபோகும் என்று விளாசித் தள்ளினேன். கோயிலில் நல்ல அமைதி. அதை ரசனை என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி மாப்ள," என்றார் அவர். "ஆட்டுக்குப் பயம், விட்டுருவோம். எம் பொண்ண ஒங்களுக்குப் புடிச்சிருக்கா? அத நீங்களே வாயால சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செல்வியும் பார்த்தாள். 'ஆமாம்' என்று ஒரு சொல், அவ்வளவுதான். தொண்டை வரை வந்து நின்றுவிட்டது. கை, கால், கண் எதுவும் அசையவில்லை. நான் நடத்திய பாடம் ஒரு வரி பிசகாமல் எனக்கே நடந்துகொண்டிருந்தது. அவள் முகம் வாடுவது தெரிகிறது, ஒன்றும் செய்ய முடியவில்லை.

செல்வி எழுந்து வந்தாள். பூசாரி கையிலிருந்த செம்பை வாங்கி அப்படியே என் தலையில் கவிழ்த்தாள்.

உச்சி முதல் உள்ளங்கால் வரை சிலுப்பினேன்.

"உத்தரவு ஆயிருச்சு," என்றார் பூசாரி. மாமனார் சிரித்த சிரிப்பில் ஆடு மிரண்டு, கயிற்றோடு தேயிலைக்குள் ஓடிவிட்டது.

பதினான்கு வருஷம் ஆகிறது. இன்றும் போடிமெட்டில் பந்தியில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் செம்பை என் பக்கம் நகர்த்துவார். பந்தியே சிரிக்கும். செல்வியும் சிரிப்பாள், சிரித்து முடித்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்வாள்: "சிலுப்புனது கெடக்கட்டும். புடிச்சிருக்கான்னு அப்பா கேட்டாருல்ல, அதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லவே இல்லையே."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.