அப்பாவின் ரத்த அழுத்தம் குறித்து ஆக்லாந்து அத்தைக்கு

பெருமதிப்புக்குரிய அத்தைக்கு, உங்கள் தம்பி மகள் கலோலைன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

முதலில் என்னை மன்னிக்க வேண்டும். உங்களுக்கு நான் கடிதம் எழுதுவதே அதிகப்பிரசங்கித்தனம். தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் கூப்பிட்டால் அப்பா ஒலிபெருக்கியைப் போட்டு வீட்டையே சுற்றி உட்காரவைத்துவிடுகிறார். நீங்கள் பேசப் பேச நாங்கள் தலையாட்டுகிறோம். கடைசியில் நீங்களே ஜெபமும் செய்து வைத்துவிடுகிறீர்கள். எனக்கு வாய் திறக்க இடமும் இல்லை, தைரியமும் இல்லை. ஆண்டவர் கருணையால் இங்கே நம் தீவில், நுகுஅலோஃபாவில், எல்லோரும் சுகம். அங்கே உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அப்பாவுக்கு உங்கள் வீட்டில் கை விழுந்து வாய் கோணியதும், நீங்கள் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும், தொடை வழியாகக் கம்பி விட்டு மூளையில் இருந்த அடைப்பை எடுத்ததும் நீங்கள் அறிந்ததே. அந்த வசதி நம் தீவில் இல்லை, இன்னொரு முறை வந்தால் விமானம் ஏறும்வரை மூளை காத்திருக்காது, ஆகவே அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது ஒன்றுதான் வழி என்று டாக்டர் சொன்னதை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு அங்கே நடந்ததில் நினைவிருப்பது வேறு. அழுத்தம் ஏறினால் மூளையில் ரத்தம் கசியும், ரொம்ப இறங்கினால் மூளைக்கு ரத்தம் போதாது என்று நர்சுகள் ராத்திரி பகல் பார்க்காமல் கையில் பட்டை கட்டி அளந்துகொண்டே இருந்தார்களாம். "ஏறினாலும் திட்டுறாங்க, எறங்கினாலும் திட்டுறாங்க. மனுசன் எங்கதான் போய் நிக்கிறது?" என்று ஊரில் எல்லோரிடமும் நியாயம் கேட்கிறார்.

இங்கே வந்ததும் அந்த அழுத்தம் அளக்கும் கருவி என் பொறுப்பானது. நான் படித்தது வானிலை. அதை எத்தனை முறை சொன்னாலும், "புயலோட அழுத்தத்தையே படிச்சவ, அப்பனோட அழுத்தம் அவளுக்கு எம்மாத்திரம்" என்று அப்பா தேவாலய வாசலில் நின்று பெருமை பேசுகிறார். நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் போலிருக்கிறது. பக்கத்து வீட்டில் குளிர்பெட்டி நின்றுபோனாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். முதல் வாரம் எண் எகிறிக்கொண்டே போனது. நான் பயந்து அழுதுவிட்டேன். ஊர் மருத்துவ நிலையத்து நர்ஸ், ஆனா என்பவள், வந்து பார்த்துவிட்டு, "இந்தப் பட்டை உன் கைக்குச் சரி. உங்கப்பா கைக்கு இது கயிறு" என்று பெரிய பட்டை கொடுத்தாள். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும் என்றும் சொன்னாள். சும்மா உட்காருவது வீண் என்று அப்பா அந்த ஐந்து நிமிடத்தில் ஜெபம் செய்யத் தொடங்கினார். பாடகர் குழுத் தலைவரின் ஜெபம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாய்கள் எழுந்து தெருவுக்குப் போய்விட்டன.

அடுத்து, அப்பாவோடு உட்கார்ந்து கவா வேர்ச்சாறு குடிக்கும் கூட்டத்துக்கு விஷயம் தெரிந்து, சனிக்கிழமை எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பெரிய எண் வந்தவர் ஜெயித்தவர் என்று யார் முடிவு செய்தார்களோ. மோசேசே மாமாவுக்கு நூற்றுத் தொண்ணூறு. அவர் மீசையைத் தடவிக்கொண்டு அப்பாவைப் பார்த்து, "ஆக்லாந்து வரைக்கும் போய் வந்து உனக்கு வெறும் நூத்தி நாப்பதா?" என்றார். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மோசேசே மாமாவை அன்றே ஆனாவிடம் இழுத்துப் போனோம், இப்போது அவரும் மாத்திரை சாப்பிடுகிறார். எண் நன்றாக இருக்கும் நாளில் மாத்திரை எதற்கு என்று அப்பா நிறுத்தியதும், மறுநாள் சேர்த்து இரண்டாக விழுங்கி ஆராதனையில் தலை சுற்றிப் பெண் குரல்காரர்கள் மடியில் சாய்ந்ததும் பழைய கதை. இப்போது தினமும் ஒன்று, தவறுவதில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை. அழுத்தம் நூற்றிருபத்தெட்டு. ஊரில் எல்லோரும் மெச்சுகிறார்கள்.

உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறோம். பிள்ளைகளுக்கு எங்கள் அன்பு. உங்கள் ஆசி எங்கள் எல்லோர் மேலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கலோலைன்

பின்குறிப்பு: இதுவரை எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மோசேசே மாமா மீசை தடவியதை எடுக்கச் சொன்னார், மற்றபடி திருப்தி. இப்போது அவர் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருக்கிறார்.

அத்தை, அந்த நூற்றிருபத்தெட்டு அப்பா சொன்ன எண். நம் வழக்கப்படி மகள் தலை அப்பா தலைக்கு மேலே போகக்கூடாது என்பதால் நான் பாயில் உட்கார்ந்து பட்டை கட்டுகிறேன். கருவியின் முகம் நாற்காலியில் இருக்கும் அவர் பக்கம். அவர் படித்துச் சொல்கிறார், நான் நம்புகிறேன். போன ஞாயிறு அம்மா அவர் பின்னால் தட்டு எடுக்க வந்தவள் பார்த்துவிட்டாள்: நூற்றெண்பத்தாறு. மாத்திரைகள் பன்றித் தொட்டியில் போகின்றன. பெரிய பன்றி எதற்கும் கோபப்படாமல் படுத்தே கிடக்கிறது.

உப்பும் இருக்கிறது. ஒவ்வொரு கப்பலிலும் நீங்கள் அன்பாக அனுப்பும் உப்பு மாட்டிறைச்சி வாளிதான். அதைச் சொல்வதற்கு மன்னியுங்கள். வேண்டாம் என்று அம்மா கெஞ்சினாள். அப்பா, "எங்க அக்கா குடுத்ததை வேணாம்னு தள்ள நான் யாரு? டாக்டர் எனக்கு அக்காவா?" என்று கேட்டுவிட்டு, வாளி காலியாகும்வரை ஞாயிறுதோறும் இலையில் பொதிந்து சாப்பிடுகிறார். அது அவருக்கு ருசிகூட இல்லை அத்தை, மரியாதை. ஆஸ்பத்திரியில் நர்சுகள் சொல்லியும் புரண்டுகொண்டிருந்தவர், நீங்கள் "அசையாம படு" என்றதும் விடியும்வரை அசையாமல் கிடந்தாரே.

இந்த மாத மாத்திரை இங்கே இருக்கிறது. அடுத்த மாதத்துக்கானதை இந்தக் கடிதம் கொண்டுவரும் பாதிரியார் மனைவியிடம் கொடுத்திருக்கிறேன். இறைச்சியை விட்டுவிட்டு, இந்தப் பொட்டலத்தை மட்டும் வாளியில் போட்டு, மூடிமேல் உங்கள் கையெழுத்தில் 'என் தம்பிக்கு' என்று எழுதித் திருப்பி அனுப்புங்கள் அத்தை.