கறகற அண்ணையின் றேடியோ

வன்னி முழுவதும் தேடினாலும், றேடியோ வைத்திருந்தும் ஒரு பாட்டுக்கூடக் கேளாத மனிதர் எங்கள் குடியேற்றத் திட்டத்துக் கறகற அண்ணை ஒருவர்தான்.

பிள்ளைகளே, அவருடைய சொந்தப் பெயர் எனக்கே தெரியாது. இரண்டு நிலையங்களுக்கு நடுவே, ஒன்றுமே பாடாத இடத்தில் முள்ளை வைத்து, றேடியோவைக் காதோடு அணைத்தபடி வரம்பில் நடப்பார். "அண்ணை, ஒரு பாட்டுப் போடுங்கோவன்" என்றால், "சும்மா இரு, வானம் கதைக்குது" என்பார்.

அது பொய்யில்லை. பங்குனி வெயிலில் தரை சுட, ஈரக் காற்று மேலே எழும்பும். உயரத்தில் குளிர்ந்து முகிலாகும். சூடும் ஈரமும் போதுமானால், அந்த முகில் பால் பொங்குவதுபோலப் பொங்கி, உச்சி தட்டையாகப் பரவும். உள்ளே மின்னும். இடி நம் காதுக்கு எட்டாத தூரத்திலும் ஒவ்வொரு மின்னலும் றேடியோவில் 'கறக்' என்று கேட்கும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழையிருந்தால் உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள்.

ஒருமுறை 'மழை வருது' என்று அண்ணை ஊரையே ஓடவிட்டார். காயப்போட்ட மிளகாயை எல்லாரும் அள்ளி உள்ளே கொட்டினோம். வந்தது ஊர் அதிகாரி விதானையாரின் மோட்டார் சைக்கிள். அதன் எஞ்சினில் தெறிக்கும் மின்பொறியும் றேடியோவில் கறகறக்குமாம்!

அடுத்த பங்குனியில் எங்கள் களத்தில் கதிர்களைப் பரப்பிச் சூடு மிதித்து, நெல்லைத் தூற்றிக் குவித்திருந்தோம். வருஷச் சோறும் விதைநெல்லும் அந்தக் குவியல்தான், நனைந்தால் முளைத்துவிடும். களத்தில் 'மழை' என்ற சொல்லை எடுக்கவே கூடாது, எடுத்தால் வந்துவிடும் என்பது வழக்கம். களத்துக்குப் பெரியவரான என் மாமனார் அதில் மகா கண்டிப்பு.

நல்ல வெயில். கறகற அண்ணை சைக்கிளில் பறந்து வந்தார். வாயைத் திறந்தார். மாமா பார்த்தார். அண்ணை வாயை மூடினார். பிறகு குடையை விரித்து நெற்குவியலுக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன தம்பி, வெயிலுக்கு நெல்லுக் கறுத்துப்போமெண்டோ?"

"இல்லை ஐயா... அது வருது."

"எது? விதானையாற்ற மோட்டார் சைக்கிளோ?"

களமே சிரித்தது. அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. றேடியோவை என் காதில் வைத்தார். "மோட்டார் சைக்கிளெண்டால் விடாமல் கறகறக்கும். இது விட்டு விட்டு. காலமை நூறு எண்ண ஒண்டு. இப்ப பத்துக்கு ஒண்டு!"

கிழக்கே பார்த்தேன். மரங்களுக்கு மேலே வெள்ளை மலைபோல ஒரு முகில், உச்சி தட்டை.

"மாமா, படங்கை எடுங்கோ!"

கித்தான் படங்கை இழுத்து நெல்லை மூடினோம். ஒரு மூலைக்குப் போதவில்லை. அண்ணை தன் குடையை அங்கே கவிழ்த்தார். இடி முழங்கியது. அரைமணி நேரம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. நெல் நனையவில்லை. நனைந்தது அவரும் றேடியோவும்தான்.

றேடியோ ஊமையாகிவிட்டது. மாமா அதைக் களத்து வெயிலில், நெல்லைப்போலப் புரட்டிப் புரட்டி இரண்டு நாள் காயவைத்தார். மூன்றாம் நாள் திருகினால், அருமையான பாட்டு! எல்லாரும் கைதட்டினோம்.

"ஐயோ, பழுதாப் போச்சு!" என்று தலையில் கைவைத்தார் கறகற அண்ணை.

மாமா சிரிக்கவில்லை. முள்ளை மெல்ல நகர்த்தி, ஒன்றுமே பாடாத இடத்தில் நிறுத்தி, அவர் கையில் கொடுத்தார்.

"இந்தா தம்பி. இனி என்ரை களத்திலை அந்தச் சொல்லை நீ மட்டும் சொல்லலாம்."