142857-உம் அக்கா கல்யாணமும்

சிலருக்கு உட்கார்ந்துகொண்டே தூக்கம் வரும். எனக்கு வண்டி ஓட்டிக்கொண்டே கனவு வரும். (அக்காவின் கல்யாணம் வரை இது வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் சாவியையே கொடுத்திருக்க மாட்டார்கள்.)

தொண்ணூறுகளில் ஒரு தை மாதம். நான் கணக்கில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் கல்யாணச் சடங்கை நடத்திவைப்பவர் அருமைக்காரர்; அவர் வராமல் தாலி ஏறாது. மதுக்கரையில் இருந்த அவரைச் சித்தப்பாவின் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு குனியமுத்தூர் மண்டபத்துக்கு வர வேண்டியது என் பொறுப்பு.

விடிந்தும் விடியாத நேரம். ரயில்வே கேட் மூடியிருந்தது. பனிக்குள்ளிருந்து ஒரு கூட்ஸ் வண்டி மிதந்து வந்தது. ஒரு பெட்டியின் மேல் வெள்ளை எழுத்தில் 142857.

சும்மா இருந்திருக்கலாம். இரண்டால் பெருக்கினேன். 285714. அட, அதே ஆறு இலக்கங்கள்! மூன்றால் பெருக்கினேன். 428571. மறுபடியும் அதே ஆறு பேர், வரிசை கலையாமல், கும்மியடிக்கும் பெண்களைப்போல வட்டமாக நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

"கண்ணு, காலு மரத்துப்போச்சு. கொஞ்சம் எறங்கி நிக்கறேன்" என்றார் அருமைக்காரர்.

"சரிங்க" என்றேனாம். எனக்கு நினைவில்லை.

கேட் திறந்தது. கிளம்பினேன். நான்கு, ஐந்து, ஆறு, எதால் பெருக்கினாலும் கும்மி நிற்கவில்லை. மலைக்காற்று முகத்தில் அடித்தது. ஸ்கூட்டர் பஞ்சுபோலப் பறந்தது. (சந்தோஷத்தில் உலகமே லேசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.) மண்டப வாசலில் பிரேக் போடும்போதுதான் ஏழால் பெருக்கி முடித்தேன்.

"அப்பா! எல்லாமே ஒம்பதுங்கப்பா! ஆறும் ஒம்பது!"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பின் சீட்டைப் பார்த்தார்.

"அருமைக்காரரு எங்கடா?"

திரும்பிப் பார்த்தேன். பின் சீட் காலியாக இருந்தது.

முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா முந்தானையைக் கண்ணில் ஒற்றினாள். மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். நாதஸ்வரக்காரர் ஒரே ராகத்தைச் சவ்வாக இழுத்தார். நான் வண்டியைத் திருப்பப் போனபோது தேங்காய் டெம்போ ஒன்று வந்து நின்றது. டிரைவர் பக்கத்திலிருந்து அருமைக்காரர் நிதானமாக இறங்கினார்.

"தம்பிக்கு என்ன அவசரமுங்களோ, முன்னாடியே வந்துபோட்டாருங்க!"

மண்டபமே சிரித்தது. விஷயத்தைக் கேட்ட மாப்பிள்ளை மணவறையிலிருந்தே என்னைக் கூப்பிட்டார்.

"அப்ப எட்டால பெருக்குனா என்ன வரும், மாப்ள?"

வேண்டுமென்றே கேட்டாரோ என்னவோ, கல்யாண வீடியோவில் அதன் விளைவு பதிவாகிவிட்டது. கெட்டிமேளம் கொட்டுகிறது. எல்லோரும் அட்சதை போடுகிறார்கள். நான் மட்டும் அரிசியை மூடிய கையோடு, விட்டத்தைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் மச்சான் சரியாக அந்த இடத்தில் வீடியோவை நிறுத்துவார். "நான் தாலி கட்டுனப்ப எம் மச்சினன் பெருக்கிட்டு இருந்தானுங்க" என்பார்.

வந்தவர்கள் என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். "ஏனுங்க, மண்டபத்துல பெருக்கறதுக்கு வேற ஆளு கெடைக்கலீங்களா?"