பாயிண்ட் அண்ணனும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும்

வாங்க வந்தவரை வாங்கவிடாமல் விரட்டுவதற்கென்றே கடை திறந்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் கடை எங்கள் அஸ்தம்பட்டியில் இருக்கிறது. வீடியோ எடிட்டிங்குக்குக் கம்ப்யூட்டர் பாகங்கள் பார்த்து மாட்டிக்கொடுக்கும் கடை. உள்ளே பாகங்களும் இருக்கின்றன. அவற்றை அவரிடமிருந்து வாங்குவதுதான் கஷ்டம்.

அவருக்கும் ஒரு பெயர் உண்டு, அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பாயிண்ட் அண்ணன் என்றால்தான் தெரியும். திருச்செங்கோட்டுக்காரர். ரிக் லாரியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். தோண்டுவதற்கு முன் தண்ணீர் எங்கே என்று கண்டுபிடிப்பதை அங்கே 'பாயிண்ட் பார்ப்பது' என்பார்கள். லாரியைவிட்டு இறங்கியும் அந்தப் பழக்கம் இவரை விடவில்லை. என்ன வாங்கலாம் என்று கேட்டால் பதில் வராது. ஒரு ஸ்டாப்வாட்சோடு நம் இடத்துக்கே வந்து, பிளாஸ்டிக் நாற்காலியை நம் முதுகுக்குப் பின்னால் போட்டு, நாள் முழுக்க உட்கார்ந்துவிடுவார்.

"நீங்க வேலை செய்யறதப் பாக்க வரலீங்க. எங்க காத்துக்கிட்டு உக்காந்திருக்கறீங்கன்னு பாக்கோணும். அங்கதான் காசப் போடோணும்."

கண்ணாடிப் பெட்டிக்குள் கலர் கலராக விளக்கு எரியும் கம்ப்யூட்டர் கேட்டு வந்த ஸ்டுடியோக்காரரிடம், "ஏனுங்க, உள்ள மாரியம்மன் பண்டிகைங்களா?" என்று கேட்டு அனுப்பிவைத்தார். இன்னொருவர் இருப்பதிலேயே பெரிய பிராசஸர் வேண்டும் என்று நின்றார். அவர் பின்னால் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, முதுகு வலிக்காத நாற்காலி ஒன்றை வாங்கச் சொன்னார். மனிதர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்ததை அண்ணனின் ஸ்டாப்வாட்ச் கணக்கெடுத்திருந்தது. நாற்காலியையும் இவர் விற்கவில்லை, பக்கத்துக் கடைக்குக் கைகாட்டினார்.

நான் கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்கிறவன். அயோத்தியாப்பட்டணத்தில் என் போட்டிக்காரர் செங்கல் சைஸில் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கெங்கவல்லிக் கல்யாணம் ஒன்று கையில் இருந்தது. பெண்ணின் அப்பா ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததால் தாலி கட்டும்போது மண்டபத்திலேயே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் பெண்ணும் வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறார்கள். அந்த அப்பா போனில் சொன்னது இவ்வளவுதான்: "எம்பொண்ணு கல்யாணத்த நான் இன்னும் பாக்கலப்பா. அது கெளம்பறதுக்குள்ள, அது பக்கத்துல உக்காந்து பாத்துடணும்."

என் மிஷினோ படத்தை ஓட்டினால் விக்கும், நிறுத்தினால் உறையும். அண்ணனைக் கூப்பிட்டேன். வந்தார், உட்கார்ந்தார், சாயங்காலம் எழுந்தார்.

"உங்க கார்டு பாதி நேரம் சும்மா தூங்குதுங்க. வீடியோவெல்லாம் பழைய ஹார்டு டிஸ்க்குல கெடக்குது, எடுத்துக் குடுக்க அதால முடியல. ரேமும் பத்தல. இந்த ரெண்டையும் மாத்துனாப் போதும்" என்று துண்டுச்சீட்டில் எழுதிக்கொடுத்தார். வாசலில் செருப்பை மாட்டியபடி, "முக்கா மணி நேரம் போனைப் பாத்தீங்க. அதுக்குப் பார்ட்டு எங்கிட்ட இல்லீங்க" என்றார். என் மனைவி பரீதா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேறு கடைக்குப் போய், போட்டிக்காரரிடம் இருப்பதைவிடப் பெரிய கார்டாகப் பார்த்து வாங்கிவந்தேன். மாட்டியதும் பெட்டியின் கதவு மூடவில்லை. மூடாவிட்டால் காற்று வரும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். படம் முன்போலவே விக்கியது. எப்படியோ வெட்டி ஒட்டி, முழுப்படமாக்கும் ரெண்டரைத் தொடங்கினால், பாதியில் மிஷினே பொட்டென்று அணைந்தது. மூன்று முறை அப்படி. அதற்குள் சனிக்கிழமை காலை ஆகிவிட்டது. அண்ணனைக் கூப்பிட எனக்கு வெட்கம்.

பரீதாவுக்கு அந்த வெட்கம் இல்லை. "அண்ணே, இவரு பாயிண்ட் பாக்காம போர் போட்டுட்டாரு, கொஞ்சம் வாங்க" என்று போனில் சொல்லிவிட்டாள்.

"வாரேனுங்க" என்றவர் கால் மணி நேரத்தில் வந்தார். கார்டைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல மோட்டாருங்க. ஆனா உங்க பவர் சப்ளையால இதை இழுக்க முடியாது. அதான் அணைஞ்சு போவுது."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். புதுக் கார்டைக் கழற்றிப் பழையதை மாட்டினார். பையிலிருந்து ரேமையும், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி ஒன்றையும் எடுத்தார். ரேமில் தூசி படிந்திருந்தது.

"பழசுங்களா அண்ணே?"

"உங்க போர்டுக்குப் பொருந்தற ரகம் கடையில தீந்து போச்சுங்க. கடையில பில்லு போடற எம்பட மிஷின்ல இருந்து கழட்டியாந்தேன். புதுசு வர்ற வரைக்கும் நான் பில்லக் கையில எழுதிக்கறேன்."

வீடியோவையெல்லாம் புது இடத்துக்கு மாற்றிவிட்டுப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஸ்டாப்வாட்சை அழுத்தினார். மதியச் சாப்பாட்டுக்குள் படம் முழுதாக முடிந்தது. "நாப்பத்தோரு நிமிஷம்" என்றார், தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்கிற குரலில். அன்று சாயங்காலம் கெங்கவல்லியில் அந்த அப்பா மகள் கையைப் பிடித்தபடி படம் பார்த்தார். தாலி கட்டும் இடத்தை நான்கு முறை போடச் சொன்னார்.

புது ரேம் வந்ததும் அவருடையதைத் திருப்பிக் கொடுத்தேன். அதன்பிறகு என் மிஷின் விக்கவும் இல்லை, உறையவும் இல்லை. காத்திருக்கும் நேரமே இல்லாத இடத்தில் அவருக்கு என்ன வேலை? வருவதை நிறுத்திவிட்டார். என் முதுகுக்குப் பின்னால் அந்த நாற்காலி மட்டும் கிடந்தது.

போன வாரம் அவருக்குப் போன் போட்டேன். "அண்ணே, மிஷின் கொஞ்சம் மெதுவா ஓடுதுங்க. ஒரு நாள் வந்து உக்காந்து பாருங்க."

மிஷினுக்கு ஒரு குறையும் இல்லை.